வெளிர் ரோஸ் கல்யாணம்

நவம்பர் 16, ஞாயிறு

இந்த எழுத்தைப் படிக்கிறவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு எழுத்து பெரிதாகவும் அடுத்தது சிறிதாகவும் இருக்கும். வரி மேடு ஏறிப் பள்ளம் இறங்கும். மூட்டை தூக்கிய கை இது. பேனாவை இறுக்கினால் தாள் கிழிகிறது, தளர்த்தினால் நழுவுகிறது. ஒரு பக்கம் முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆனாலும் எழுத எழுத வாயில் வெல்லம் போட்டது போல இருக்கிறது.

என் பெயர் அங்கப்பன். சேலத்தில் குகைப் பகுதியில் வீடு. செவ்வாய்பேட்டை மண்டியில் மூட்டை தூக்கிப் பிழைத்தவன். போன வருடம் வரை கைநாட்டு. மாநகராட்சிப் பள்ளியில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு வைத்தார்கள். செல்வநாயகி டீச்சர் கையைப் பிடித்து எழுத வைத்தார். இப்போது பஸ் பலகை, கடைப் பலகை, பிஸ்கட் கவர் எல்லாம் படிக்கிறேன். என் மனைவி பாவாயி சலித்துக்கொள்கிறாள். "இந்த மனுசனோட வெளிய போனா வீடு வந்து சேர முடியல. செவுத்துக்குச் செவுரு நின்னு படிக்கறார்."

ஞாயிறுதோறும் வீட்டில் நடப்பதை எழுதச் சொல்லியிருக்கிறார் டீச்சர். முதல் வாரமே நல்ல சேதி. எங்கள் ஒரே மகள் சுகந்திக்குத் தையில் கல்யாணம். அவள் ஆஸ்பத்திரியில் கைகால் விளங்காதவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை பெயர் தீபன். முழங்காலில் அடிபட்டுப் பயிற்சிக்கு வந்தவர், இவள்தான் வேண்டும் என்று வீடு தேடி வந்துவிட்டார். பெரிய மரச்சாமான் கடை வைத்திருக்கிறார்கள்.

"மாமா, நீங்க வந்து உக்காந்தா போதும். எல்லாம் நான் பாத்துக்கறேன். தேவதைக் கதையில வர்ற கல்யாணம் மாதிரி பண்றேன், பாருங்க" என்றார்.

நான் எந்தத் தேவதைக் கதையும் படித்ததில்லை. இனிமேல் படிக்கலாம்.

நவம்பர் 23, ஞாயிறு

மாப்பிள்ளை வந்து மடிக்கணினியைத் திறந்து கல்யாணத்தைக் காட்டினார். ஏற்காடு அடிவாரத்தில் ஒரு பழைய பங்களா. தோட்டத்தில் பந்தல். காகிதத்தில் செய்த பெரிய நிலா. அதன் கீழே ஊஞ்சல். எல்லாம் வெளிர் நிறம். ரோஸ், இளம் பச்சை, இளம் நீலம். சுண்ணாம்பில் ஒரு சொட்டு நீலம் விட்டுக் கலக்கினால் வருமே, அது மாதிரி.

பாவாயி எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, எல்லாம் பத்து வருசம் தொவச்ச துணியாட்டம் இருக்குது? அரக்கு இல்ல, மஞ்சள் இல்ல" என்றாள்.

மாப்பிள்ளை சிரித்தார். "பேஸ்டல் அத்தை. அன்னைக்கு யாரும் அடர் கலர் கட்டக் கூடாது. உங்களுக்கும் புடவை எடுத்தாச்சு. இளம் பச்சை."

சுகந்தி ஒன்றே ஒன்று கேட்டாள். தலைக்குக் கனகாம்பரம் வைத்துக்கொள்ள வேண்டும் என்றாள். சின்ன வயசில் இருந்தே அவளுக்கு அந்தப் பூ மேல் பைத்தியம்.

"அது கண்ணைக் குத்தும்" என்றார் மாப்பிள்ளை. அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

ஒவ்வொரு நாற்காலியிலும் வருகிறவர் பெயர் எழுதிய சின்ன அட்டை தொங்குமாம். என் பெயர் தொங்கும் நாற்காலியை நானே தேடிக் கண்டுபிடிப்பேன் என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். சுகந்தியும் சிரித்தாள். கொஞ்சம் கழித்துச் சிரித்தாள்.

நவம்பர் 27, வியாழன்

இன்று பத்திரிகை வந்தது. வெளிர் ரோஸ் தாளில் வெள்ளை எழுத்து. படிக்கக் கஷ்டமாக இருந்தது. என் கண்ணா, அந்த நிறமா தெரியவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

சம்பந்தி வீட்டுக்குப் போனோம். வீடு பளிங்கு போல இருக்கிறது. செருப்புச் சத்தம் கூடக் கேட்காது. பாவாயி சம்பந்தியம்மாவிடம், "சீர்ப் பலகாரம் அதிரசமா முறுக்கா, என்ன பண்ணட்டுங்க? உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டாள்.

அந்த அம்மா வாயைத் திறந்தார். பிறகு மூடினார். "தம்பியக் கேட்டுக்கோங்க" என்றார்.

"பலகாரம் திங்கறதுக்குமா தம்பியக் கேக்கணும்?" என்று பாவாயி விளையாட்டாகச் சொன்னாள். அந்த அம்மா சிரிக்கவில்லை. வாசல் பக்கம் பார்த்தார்.

சுகந்தி வேலையை விட்டுவிட்டாள். கல்யாண வேலை நிறைய இருக்கிறதாம். மாப்பிள்ளை புதுப் போன் வாங்கிக் கொடுத்திருக்கிறார். நம்பரும் புதுசு. அது எந்நேரமும் மின்னுகிறது. சோற்றில் கை வைக்கும்போது மின்னுகிறது. குளித்துவிட்டு வருவதற்குள் திரை முழுக்க வந்து நிற்கிறது. படிக்கலாம் என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு எடுத்தேன். எல்லாம் இங்கிலீசு எழுத்து. "பேச்சு தமிழ்தாம்பா, எழுத்துதான் இங்கிலீசு" என்று சொல்லி வாங்கிக்கொண்டாள். இவ்வளவு படித்தும் என் வீட்டுக்குள் வருவதை என்னால் படிக்க முடியவில்லை.

கவுன் தைக்க அளவெடுத்திருக்கிறார்கள். அதற்காக ராத்திரிச் சோறு இல்லை. மணிக்கட்டைச் சுற்றி ஒரு நீலத் தடம். புது வளையல் இறுக்கம் என்றாள். வளையல் கழற்றி வைத்த இடத்தில் இருந்தது. எனக்குப் பார்க்கப் பெரிதாக இருந்தது.

டிசம்பர் 14, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் இருந்து சுகந்தியின் தோழி ரெஜினா வந்தாள். சுகந்தி வீட்டில் இல்லை. மாப்பிள்ளையோடு விளக்குக் கடைக்குப் போயிருந்தாள்.

"அவ நல்லா இருக்காளா அப்பா?"

"கல்யாணப் பொண்ணு, நல்லா இல்லாம?"

"பத்திரிகை வேணாம்ப்பா, ஒரு போன் பண்ணச் சொல்லுங்க. நாங்க என்ன தப்பு பண்ணோம்னு தெரியல."

"பொண்ணுக்குத் தலைக்கு மேல வேலை, கண்ணு. நீ கோவிச்சுக்காத."

ரெஜினா காபியைக் குடிக்காமல் டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தாள். "கடைசி நாள் வேலைக்கு வந்தப்ப, கார்ல உக்காந்துகிட்டு அவர் ஆரன் அடிச்சிட்டே இருந்தாருப்பா. நடக்க முடியாத ஒரு பாட்டியை இவ புடிச்சுகிட்டு இருந்தா. விட்டுட்டு ஓடினா" என்றாள்.

மாப்பிள்ளைக்கு ஆசை அதிகம் என்று சொன்னேன். சரிதான் என்று அவளும் சொன்னாள்.

சாயங்காலம் சுகந்தியிடம் ரெஜினா வந்ததைச் சொன்னேன். "அவரு கேட்டா, அவ வந்ததைச் சொல்லாதீங்கப்பா" என்றாள். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. நடந்ததை எல்லாம் எழுதச் சொல்லியிருக்கிறார் டீச்சர்.

ஜனவரி 11, ஞாயிறு

இன்று பங்களாவில் படம் எடுத்தார்கள். கல்யாணத்துக்கு முன்பே எடுக்கும் படம். மார்கழியில் எதற்கு என்று பாவாயி முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

சின்ன வயசில் பள்ளிக்கூடத்தில் சுகந்திக்கு ஒரு படக்கதைப் புத்தகம் பரிசு கொடுத்தார்கள். அதில் ஒரு ராசகுமாரி கண்ணாடிப் பெட்டிக்குள் தூங்குவாள். அந்தக் கதையைச் சுகந்தி எப்போதோ மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறாள். அவர் அதை மனதில் வைத்திருந்து அப்படியே செய்துவிட்டார். தோட்டத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு பெட்டி. மேலே கண்ணாடி மூடி. சுற்றிலும் இளம் ரோஜாவைக் கொட்டி வைத்திருந்தார்கள்.

பாவாயி கிட்டப் போனவள் வயிற்றில் அடித்துக்கொண்டாள். "அடப் பாவிகளா! இது ஐஸ் பொட்டிடா! எங்கண்ணன் செத்தப்ப கூடத்துல வெச்சது இதுதான்டா!"

அலங்காரக்காரன் சங்கடப்பட்டுத் தலையைச் சொறிந்தான். "கண்ணாடி மூடி போட்டது வேற எங்கக்கா கெடைக்கும்? வாடகைக்குத்தான் எடுத்தோம். டெட்டால் ஊத்திக் கழுவியாச்சு. பெயின்ட்டும் அடிச்சாச்சு."

மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். "அத்தை, கரன்ட் குடுக்க மாட்டோம், பயப்படாதீங்க."

சுகந்தி வெள்ளைக் கவுனில் நின்றாள். "எனக்கு வேண்டாம் தீபன்" என்றாள்.

"உன் கதைதானே? உனக்காகத்தானே பண்ணேன்?"

அவள் என்னைப் பார்த்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"மாப்பிள்ளை ஆசைப்படறார் சாமி. ஒரு போட்டாதானே" என்றேன் நான்.

படுத்தாள். மூடினார்கள். படம் எடுக்கிறவர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போய் எடுத்தார். கண்ணாடியில் அவள் மூச்சு பட்டுப் புகைமூட்டம் ஆனது. உள்ளே இருந்து விரலால் தட்டினாள். பிறகு கையால் தட்டினாள். மாப்பிள்ளை மூடி மேல் உள்ளங்கையை வைத்துச் சாய்ந்து நின்றுகொண்டார்.

"மூஞ்சிய இப்படி வெச்சிருந்தா எப்படி? சிரி. சிரிச்சாத்தான் திறப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உள்ளே அவள் பல் தெரிந்தது. படம் எடுத்தார்கள். அப்புறம்தான் கையை எடுத்தார்.

மதியம் சாப்பாடு நன்றாக இருந்தது. வெஜிடபிள் பிரியாணி, தயிர்ப் பச்சடி, ஐஸ்கிரீம்.

ஜனவரி 12, திங்கள்

எழுத உட்கார்ந்தேன். பேனா நன்றாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 18, ஞாயிறு

இந்த வாரம் முழுக்க வீட்டில் பெட்டிப் பேச்சுதான். பாவாயியின் தம்பி ராமலிங்கம் வந்து குதித்தான். "கல்யாணப் பொண்ணைப் பொணப் பொட்டியில படுக்க வெச்சா அது வெளங்குமா மாமா? நீங்க பாத்துகிட்டு நின்னீங்களா?" ஜோசியரைப் பார்த்தோம். சகுனத் தடை என்றார். பரிகாரம் சொன்னார்.

சொன்னபடி எல்லாம் செய்தோம். சுகந்திக்கு மஞ்சள் நீர் ஊற்றினோம். பூசணிக்காய் சுற்றி முச்சந்தியில் உடைத்தேன். கோட்டை மாரியம்மனுக்கு விளக்குப் போட்டோம். உடுத்தியிருந்த கவுனை ஆற்றில் விடச் சொன்னார் ஜோசியர். மாப்பிள்ளை மறுபேச்சு இல்லாமல் வேறு கவுன் தைக்கக் கொடுத்துவிட்டார்.

அவரே வீட்டுக்கு வந்தார். பாவாயி காலில் விழுந்தார். "தெரியாமப் பண்ணிட்டேன் அத்தை. அந்தப் பொட்டிய எடுத்துட்டேன். அந்தப் படத்தையும் அழிச்சுட்டேன்."

பாவாயி உருகிவிட்டாள். "இந்தக் காலத்துல எந்தப் பையன் கால்ல விழறான்? தங்கம்ங்க" என்றாள். ராமலிங்கமும் ஒத்துக்கொண்டான். தடை போய்விட்டது. எனக்கும் நிம்மதி.

சுகந்தி ஈரத் தலையோடு மூலையில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க ஒன்றும் இல்லையே.

ஜனவரி 25, ஞாயிறு

இன்று எங்கள் வீட்டில் மாப்பிள்ளை வீட்டாருக்கு விருந்து. இலையில் எல்லோரும் உட்கார்ந்தோம். சுகந்திக்கு விக்கல் எடுத்தது. தண்ணீர் எடுக்க எழுந்தாள். பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை பேச்சை நிறுத்தாமல் அவள் தோளில் கையை வைத்தார். அழுத்தினார். அவள் உட்கார்ந்தாள். விக்கலோடு உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கம் திரும்பாமலே, "சிரி, எல்லாரும் பாக்கறாங்க" என்றார். சிரித்தாள்.

எதிரில் சம்பந்தியம்மா இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. பெட்டி போய்விட்டது. பரிகாரம் முடிந்தது. ஆனால் அந்தக் கை இங்கேதான் இருக்கிறது. ஒரு வாரமாகப் பெட்டியைப் பற்றித்தான் எல்லோரும் பேசினோம். மூடி மேல் இருந்த கையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அவர்கள் போன பிறகு சுகந்தி கொல்லையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இந்தக் கல்யாணம் நின்னு போனா உங்களால வெளிய தலைகாட்ட முடியுமா?"

"என்ன பேச்சு பேசற? ஊர் பூராப் பத்திரிகை குடுத்தாச்சு."

"சும்மா கேட்டேன்ப்பா."

"பயமா இருக்கா கண்ணு?"

தேய்த்த குண்டாவையே திரும்பத் தேய்த்தாள். "பயமாத்தான் இருக்கு. எல்லாருக்கும் அப்படித்தானாம். அவரு சொன்னாரு."

இதற்கு மேல் நான் என்ன கேட்டிருக்க வேண்டும் என்று உட்கார்ந்து யோசிக்கிறேன். வார்த்தை வருகிறது. எழுதினால் நிஜமாகிவிடும் போல இருக்கிறது.

ஜனவரி 30, வெள்ளி

ஞாயிறு வரை பொறுக்க முடியாது. இன்றே எழுதுகிறேன்.

புதன்கிழமை முகூர்த்தம். பங்களா முழுக்க வெளிர் நிறம். காகித நிலா. ஊஞ்சல். என் பெயர் தொங்கிய நாற்காலியைக் கண்டுபிடித்தேன். அலங்கரித்த வில்வண்டியில் சுகந்தி வந்தாள். வந்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். நிஜமாகவே ராசகுமாரி போலத்தான் இருந்தாள். உதடு மட்டும் வெடித்திருந்தது. ஒப்பனைக்காரப் பெண் அதன் மேல் சாயம் பூசிக்கொண்டே இருந்தாள்.

"என்ன சாமி, தண்ணி கூடக் குடிக்கலையா?"

"நேத்துச் சாயங்காலத்துல இருந்து குடிக்கலப்பா. இடுப்பு படத்துல சரியா வராதுன்னாரு."

தாரை வார்க்கும் நேரம் வந்தது. கீழே மாப்பிள்ளை கை. அதன் மேல் என் கை. என் கைமேல் சுகந்தியின் கை. பாவாயி செம்பில் இருந்து நீர் விட வேண்டும். நீர் விழும்போது நான் கையை உருவி மகள் கையை அவர் கையில் விட வேண்டும். அதோடு அவள் அவர்களுடையவள்.

ஐயர் மந்திரம் சொன்னார். சுகந்தியின் கை ஐஸ் போல இருந்தது. மெல்ல அது மடங்கி என் கட்டை விரலைப் பிடித்தது. நான் உருவப் பார்த்தேன். இன்னும் இறுக்கினாள். நகம் பதிந்தது.

"விடும்மா" என்றார் ஐயர்.

அவள் விடவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் எடுக்கிறவர்கள் கிட்டே வந்தார்கள்.

"சிரி" என்றார் மாப்பிள்ளை. உதடு அசையாமல் சொன்னார். எனக்குக் கேட்டது. இன்னொரு கையைக் கொண்டுவந்து என் கையையும் அவள் கையையும் சேர்த்து மேலே இருந்து அழுத்தினார். மூட்டை தூக்கிய கை என்னுடையது. பாரம் எது என்று எனக்குத் தெரியும். அது ஆசையாக வைத்த கை இல்லை.

"கைய எடுங்க தம்பி" என்றேன்.

"மாமா, எல்லாரும் பாக்கறாங்க. அத்தை, ஊத்துங்க."

பாவாயி செம்பைப் பாதி சாய்த்தபடி நின்றாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தாள். அப்புறம் மகளைப் பார்த்தாள்.

"என்னடி?"

"வேண்டாம்மா."

சத்தமே இல்லை. காற்று மாதிரி வந்தது. ஆனால் பாவாயிக்குக் கேட்டுவிட்டது.

மேளம் நின்றது. பாவாயி கொஞ்ச நேரம் அந்த வெடித்த உதட்டையே பார்த்தாள். பிறகு செம்பை நிமிர்த்தினாள். மாப்பிள்ளை கையைத் தன் முழங்கையால் தள்ளிவிட்டு, செம்பை மகள் வாயில் வைத்தாள்.

"குடி" என்றாள்.

சுகந்தி குடித்தாள். தாரை வார்க்க வைத்திருந்த நீர் முழுவதையும் குடித்தாள். கழுத்தில் வழிந்து வெளிர் ரோஸ் பட்டு நனைந்தது. அவ்வளவு பேர் நடுவில் அவள் விழுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

ராமலிங்கம் என்னைப் பிடித்து உலுக்கினான். "மாமா, மானம் போகுது, என்ன பண்றீங்க?" என் விரலை அவள் இன்னும் விடவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு மூன்று பேரும் மேடையை விட்டு இறங்கினோம்.

தீபன் எழுந்திருக்கவில்லை. கோபப்படவும் இல்லை. மணையில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். "போயிட்டு வா சுகந்தி" என்றார்.

போ என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

சொந்தக்காரர்கள் யாரும் வருவதில்லை. ராமலிங்கம் தெருவில் பார்த்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறான். பாவாயி வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரியிடம், "ஆமா, நாந்தான் ஊத்தல. இப்ப என்ன?" என்று சண்டை போடுகிறாள். உள்ளே வந்து அழுகிறாள்.

சுகந்தி இரண்டு வேளை சோறு சாப்பிடுகிறாள். தூங்கும்போது கதவைச் சாத்தக் கூடாது என்கிறாள். சாத்துவதில்லை. அந்த மணிக்கட்டுத் தடம் எப்படி வந்தது என்று எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னாள். மற்றதையும் சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன். அது அவளுடையது.

கல்யாணம் நின்ற மறுநாளில் இருந்து காலையில் கதவைத் திறந்தால் படியில் பூங்கொத்து இருக்கிறது. வெளிர் ரோஸ் ரோஜா. யார் பெயரும் இல்லை. பாவாயி எடுத்துப் பக்கத்துத் தெரு மாட்டுக்குப் போடுகிறாள். மறுநாள் அதே இடத்தில் அதே பூ. தெருமுனையில் ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. நான் கிட்டப் போனால் நகர்ந்துவிடுகிறது.

ஸ்டேஷனுக்குப் போனோம். ரெஜினாவும் கூட வந்தாள். ஏட்டு தாளை நீட்டி, "பெரியவரே, சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்" என்றார். நானே எழுதுகிறேன் என்றேன். அவர் டீ குடித்தார். வெளியே போய் வந்தார். இன்னொரு டீ குடித்தார். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். முடித்துக் கையெழுத்தும் போட்டேன். படித்துப் பார்த்துவிட்டு, "பூ அனுப்பறது ஒரு குத்தமாய்யா?" என்றார். பக்கத்து மேசையில் இருந்த பெண் போலீஸ் தலையைத் தூக்கி, "அதை இங்க குடுங்க சார்" என்று வாங்கிக்கொண்டார். அவர் கேள்வி கேட்டார். சுகந்தி பதில் சொன்னாள். விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்று காலையும் பூ இருந்தது. இன்று அதன் நடுவே ஒரே ஒரு கனகாம்பரம் சொருகியிருந்தது. சுகந்தி பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நாளை அவள் மறுபடி வேலைக்குப் போகிறாள். ஆஸ்பத்திரியில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். தனியாகப் போகிறேன் என்றாள். போகலாம், நான் பஸ் பலகை படித்துப் பழகத்தான் கூட வருகிறேன் என்று சொன்னேன். அவளுக்குத் தெரியும். அவள் வேலை முடிகிற வரைக்கும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

வருகிற ஞாயிறும் எழுதுவேன். அந்த ஒரு வாரத்தில் எழுதும்படி எதுவும் நடக்காமல் இருக்க வேண்டும். சோறு, பஸ், மழை என்று இரண்டு வரியில் முடிந்தால் போதும்.